காட்டின் நிழல் தங்கிய வீடு

அந்துப்பூச்சியின் புழுக்கள் கடைசி இலையையும் தின்று தீர்த்த செவ்வாய்க்கிழமை, படுக்க இடமில்லாமல் போன காட்டின் நிழல், வன அலுவலகத்தில் புழு எண்ணும் வேலை பார்த்தவளின் வீட்டுக்கு வந்து தங்கியது. பாதிக் கூடமும் சமையலறை முழுவதும் அதற்கே சரியாகப் போயிற்று. துவைத்த துணி காயவில்லை, அரிசி டப்பாவின் மூடிமேல் காளான் முளைத்தது. அவள் கணவன் பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு சவரம் செய்யப் பழகினான். "வந்தவங்கள போன்னு எப்படிச் சொல்றது?" என்றதோடு விட்டுவிட்டான், நல்ல மனுஷன்.

நிழல் ஏன் தன் வீட்டைத் தேடி வந்தது என்று அவளுக்குத் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன் புழு பெருகியபோது, விமானத்திலிருந்து மருந்தடிக்கலாம் என்று கையெழுத்துப் போட்டவள் அவள்தான். புழுக்களை ஒன்றுவிடாமல் எண்ணியவள், அவற்றுக்குள் முட்டையிட்டு, உள்ளிருந்தே தின்று வளரும் கடுகளவுக் குளவிகளை எண்ணாமல் விட்டாள். மருந்தில் இரண்டும் செத்தன. அந்துப்பூச்சி இரண்டே வருஷத்தில் திரும்பிவிட்டது. குளவிகளைக் காணோம். அந்த நினைப்பு அவளைத் தூங்கவிட்டதே இல்லை.

இப்போது மறுபடியும் அதே மருந்தடிப்பு அனுமதித் தாள் அவள் மேசைக்கு வந்தது. அடுத்த துளிரையும் தின்றுவிட்டால் மரங்கள் பட்டுப்போகும், திங்களன்று மருந்தடித்தே தீர வேண்டும் என்றார் அதிகாரி. அவள் வீட்டில் நூறு பாட்டில்களில் நூறு கூட்டுப்புழுக்கள் இருந்தன. உடைத்துக்கொண்டு வரப்போவது அந்துப்பூச்சியா குளவியா என்று தெரியப் பதினோரு நாள் வேண்டும். விமானம் ஓட்டுகிறவன் அவளுடைய சொந்தத் தம்பி.

"குளவி வரலன்னா என்னக்கா பண்ணுவ?"

"காடு போயிடும்டா. நிழல் இங்கயே இருந்துடும். தினம் அது மூஞ்சில முழிக்கணும், வேற என்ன."

தம்பி செருப்பைக் கழற்றிவிட்டு நிழலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். மறுநாள், விமானத்துக்கு வயிறு சரியில்லை என்று அலுவலகத்தில் சொன்னான். அதிகாரி அதை அப்படியே கோப்பில் எழுதி, பதினோரு நாள் ஓய்வு கொடுத்தார்.

பன்னிரண்டு பாட்டில்களில் அந்துப்பூச்சி வந்தது. எண்பத்தெட்டில் குளவி. அவள் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள், பிறகு தாளில் 'வேண்டாம்' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். காட்டில் துளிர் விட்டது, தின்ன ஆளில்லை. நிழல் இரண்டு நாள் எடுத்துக்கொண்டு தெரு வழியாகவே நடந்து திரும்பியது. அது தாண்டும்வரை ஜனங்கள் குடையை மடக்கி வைத்திருந்தார்கள்.

அடுத்த வருஷம் அந்துப்பூச்சி அருகிப்போனது, கூடவே குளவியும் குறைந்தது. மிச்சத்தையும் ஒழித்துவிடலாமே என்றார் அதிகாரி.

"வேணாம் சார். அதுங்க இல்லன்னா குளவி எங்க போய்ச் சாப்பிடும்?"

சாப்பாட்டு மேசைக்கடியில் ஒரு பாயளவு நிழல் மட்டும் போகாமல் இருந்துவிட்டது. அந்துப்பூச்சி என்றாவது மறுபடி பெருகும், அப்போது காட்டின் நிழலுக்கு இங்கே வர வழி தெரிய வேண்டும் என்று அவளும் அதை விட்டுவைத்தாள். தண்ணீர்ப் பானையை இப்போது அங்கேதான் வைக்கிறார்கள்.