குளத்துக்காக ஒரு வியோஜனக் குறிப்பு

சாலைக் கடைத்தெருவில் துணிக்கடை நடத்தும் கலைச்செல்விக்கு மற்றொரு பொறுப்பும் இருந்தது. காலநிலை தொடர்பான தீர்மானங்களில் தங்கள் வார்டு உறுப்பினர் என்ன பேசினார், எந்தப் பக்கம் நின்றார் என்பதை நகரசபையின் பார்வையாளர் பகுதியிலிருந்து கவனித்து, ஐயப்பனின் சாயாக்கடைக் கரும்பலகையில் எழுத வேண்டும். ஒவ்வொரு பெருமழையிலும் சரக்கை நனையக் கொடுத்துச் சலித்த கடைக்காரர்கள் கூடிச் செய்த ஏற்பாடு அது. அந்த உறுப்பினர் அவளுடைய சொந்த அண்ணன் மகேஷ்குமார் என்பதுதான் சங்கடம். வீடு வீடாக ஏறி இறங்கி அவனுக்கு வாக்குக் கேட்டவளும் அவளே.

அன்று காலை, கடைத்தெருவின் மழைநீரை உள்வாங்கும் குளத்தில் பாதியை மண்ணிட்டு நிரப்பி வண்டி நிறுத்துமிடம் அமைக்கும் திட்டம் சபைக்கு வந்தது. ஏறிவரும் வெப்பத்தையும், ஒரே பொழுதில் கொட்டித் தீர்க்கும் மழையையும் எடுத்துரைத்து, குளத்தில் கைவைக்கக் கூடாதென்று மகேஷ்குமார் முழங்கினான். ஆளுங்கட்சிக்காரனான அவன் பேச்சுக்கு எதிர்க்கட்சியினரும் மேசையைத் தட்டினார்கள். கலைச்செல்விக்கு மனம் பூரித்தது.

ஆனாலும் திட்டம் நிறைவேறியதாகச் சபைத் தலைவர் அறிவித்தார். அங்கே கைகளை எண்ணும் வழக்கம் அரிது. மறுப்பவர் இரண்டு நாளுக்குள் வியோஜனக் குறிப்பு என்னும் எழுத்து மூலமான எதிர்ப்பைத் தர வேண்டும். தராதவர் சம்மதித்தவராகவே கொள்ளப்படுவார். மகேஷ்குமார் எதுவும் தராமல் வெளியேறினான்.

மாலையில் அவள் பலகையில் எழுதினாள்: "பேச்சு: எதிர்ப்பு. குறிப்பு: இதுவரை தரவில்லை."

"மோளே, ரெண்டாவது வரி வேணுமோ? அண்ணனல்லே?" என்றார் ஐயப்பன், மலையாளம் கலந்த தமிழில்.

"வேற ஆளா இருந்தா விட்டிருப்பீங்களா சேட்டா?"

"சாயாகூடக் குடுத்திருக்க மாட்டேன்."

சேதி எட்டியதும் மகேஷ்குமார் நேரே வந்து நின்றான். சாயா குடித்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் பேசினது உன் காதுல விழலியா?"

"விழுந்துச்சு அண்ணே. கண்ணு நிறைஞ்சு போச்சு. பிறகு ஏன் குறிப்புக் குடுக்கல?"

"குடுத்தா என்னோட கமிட்டித் தலைவர் பதவி போயிரும். கட்சியில விளிச்சுச் சொல்லியாச்சு."

"அப்ப குளம் போகட்டுமா?"

"நாலு பேர் முன்னால என்னை நாணம் கெடுத்திட்டே."

"நீ பேசினதையும் எழுதியிருக்கேன். பாதியை மறைக்கல."

ஐயப்பன் கிளாஸை நீட்டினார். "பதவி போனா இங்கோட்டு வா கவுன்சிலரே. மழைக்குக் கடையில தண்ணி கோரி ஊத்த ஒரு ஆள் வேணும்."

யாரோ சிரித்தார்கள். மகேஷ்குமாருக்கும் சிரிப்பு எட்டிப்பார்த்தது. ஆனால் சாயாவைத் தொடாமல் போய்விட்டான்.

மறுநாள் முழுவதும் கலைச்செல்விக்கு வேலை ஓடவில்லை. அண்ணனை இழந்துவிட்டோமோ என்ற அச்சம் ஒருபுறம்; எழுதியதை அழிக்க மனம் ஒப்பாமை மறுபுறம். கெடு முடியும் நாளின் நண்பகலில் அவன் தொலைபேசியில் அழைத்தான்.

"குறிப்புல ஒப்பு வச்சுக் குடுத்தாச்சு. வேற ரெண்டு கவுன்சிலர்களும் கூடக் கையெழுத்துப் போட்டிருக்காங்க. திட்டத்தை மறுபடி எடுக்கணும்னு கேட்டிருக்கோம்."

"பதவி?"

"அது இன்னிக்கே போயிரும். அம்மாட்ட நீயே சொல்லிரு."

அவன் சொன்னபடியே பதவி போயிற்று. குளம் பற்றிய முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

சில நாள் கழித்துப் பழவங்காடியிலிருந்து புடவை வாங்க வந்த ஒரு பெண்மணி கேட்டார்: "குளத்துக்காகப் பதவியைக் களஞ்ச கவுன்சிலர் இந்தப் பக்கத்து ஆளாமே, தெரியுமா?"

கலைச்செல்வி விரித்த புடவையைக் கீழே வைத்தாள். எதிர்க் கடைக்காரருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"என் கூடப் பொறந்த அண்ணன்."