கட்டைவிரல்காரர்

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் தங்கைக்கு அக்கா பார்த்த வரன், ஒரு லிஃப்ட் மெக்கானிக். நேரில் பார்க்குமுன் பேசிப் பழகட்டும் என்று எண்களை மாற்றிக்கொடுத்தார்கள். தங்கை பத்தி பத்தியாக எழுதினாள். கண்ணாடியைத் தலையில் ஏற்றிவைத்துக்கொண்டே அதைக் கடை முழுக்கத் தேடிய வாடிக்கையாளரைப் பற்றிக்கூட எழுதினாள். அனுப்பிய கையோடு பதில் வரும். வெறும் கட்டைவிரல் படம்.

"இவருக்கு வாயே கட்டைவிரல்தானா?" அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "கல்யாணத்துக்கப்புறம் நீ சுவத்தோடதான்டி பேசணும்."

கேட்கக் கேட்கத் தங்கைக்கும் அப்படித்தான் பட்டது. போன வாரம், 'நமக்கு ஒத்துவராதுங்க' என்று அனுப்பிவிட்டாள். அதற்கு மட்டும் விரல் வரவில்லை. 'சரிங்க' என்று எழுத்தில் வந்தது. அது ஏனோ உறுத்திக்கொண்டே இருந்தது.

இன்று கடைக் கட்டடத்தில் லிஃப்ட் பழுது. படியேறும்போது, திறந்த கதவுக்குள் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் ஒரு மெக்கானிக் நிற்பதைப் பார்த்தாள். அவரில்லை, வயதில் மூத்த வேறொருவர். இரும்புக் கயிற்றைத் துடைத்து, இழை அறுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். கையுறை முழுக்கக் கறுப்பு கிரீஸ். சட்டைப்பையில் போன் ஒலித்தது. போன் திரைக்குத் தோல் பட வேண்டும். தடித்த கையுறை பட்டால் தெரியாது. அவர் கையுறையைப் பல்லால் கடித்து இழுத்தார். வெளியே வந்த கட்டைவிரலால் ஒரு தட்டு; ஒரு கட்டைவிரல் படம் போனது. மறுபடி கையுறைக்குள்.

"யாருண்ணே அவ்வளவு அவசரமா?"

"வீட்டுக்காரிம்மா. இங்க நின்னுக்கிட்டு கவிதையா எழுத முடியும்?"

"எல்லாருக்கும் இப்படித்தானா?"

"வாயெல்லாம் கிரீஸ் ஆயிடும்மா! எல்லாருக்காகவுமா கடிப்பேன்? மத்தவங்களுக்கு இறங்கின பிறகுதான்."

படியிலேயே நின்றுவிட்டாள். அனுப்பிய கையோடு வந்த அத்தனை விரல்களும் நினைவுக்கு வந்தன.

'அன்னைக்கு அவசரப்பட்டுட்டேன். பேசலாமா?' என்று அனுப்பிவிட்டு வேலையில் உட்கார்ந்தாள். லென்ஸ் சூடேறாமலிருக்கத் தேய்ப்புச் சக்கரத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். கை எப்போதும் ஈரம். போன் மினுங்கியதும் லென்ஸை அப்படியே போட்டுவிட்டுக் கையை உடுப்பில் துடைத்தாள்.

அக்கா. 'வரும்போது சோப்பு வாங்கிட்டு வா.'

இறங்கின பிறகே பதில் கிடைக்கும் மற்றவர்களில் இப்போது அவளும் ஒருத்தி. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. அவரும் இந்நேரம் இறங்கியிருப்பார். அடுத்த லென்ஸைச் சக்கரத்தில் வைத்தாள். ஒரு கையை மட்டும் நனையாமல் வைத்துக்கொண்டாள்.