ஓஸ்வால்ட் சாரின் இனிப்பு விரல்கள்

லிங்கராஜபுரத்தில் ஓஸ்வால்ட் சார் தொட்டதெல்லாம் இனிக்க ஆரம்பித்தது ஒரு திங்கட்கிழமை காலை, பால் பாக்கெட் வந்த பிறகு, தண்ணீர் லாரி வருவதற்கு முன்பு. விரலை நாக்கில் வைத்துப் பேப்பர் புரட்டும் பழக்கம் அவருக்கு உண்டு. விளையாட்டுச் செய்திப் பக்கத்துக்கு வரும்போது விரல் இனித்தது. பேப்பரை நக்கிப் பார்த்தார், அதுவும் இனித்தது. பிறகு கேட் கொண்டி, ஸ்கூட்டர் சாவி, மூக்குக்கண்ணாடிக் கூடு என்று வரிசையாக நக்கிப் பார்த்துக்கொண்டு போனார். எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த சரளா, ரிட்டயரானால் சில பேருக்கு இப்படி ஆவது உண்டு என்று நினைத்து உள்ளே போய்விட்டாள்.

காரணம் அவருக்குத் தெரியும். சர்க்கரை வியாதி வந்த வருஷம் மனைவி டோரீன் சர்க்கரை டப்பாவை பீரோவில் வைத்துப் பூட்டினாள். அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து சர்ச் வாசலில் நின்றபோது, ஜெயிலில்கூட இதைவிட நல்ல காபி கொடுக்கிறார்கள் என்று டோரீனின் அக்காவிடம் அவர் சொல்லிவிட்டார். டோரீன் காதில் அது விழுந்தது. "இனிமே நீங்க எதத் தின்னாலும் சரி, உங்க வாய்ப் பக்கம் நான் வரமாட்டேன்" என்றாள். அன்றிலிருந்து சமைத்து மேஜையில் வைப்பாள், பேசமாட்டாள். பேச வேண்டியதை வொயிட்ஃபீல்டில் இருக்கும் மகள் டீனாவுக்குப் போன் போட்டுச் சொல்வாள். "மோட்டார நிறுத்தச் சொல்லுடி உங்க டாடிய" என்று ஸ்பீக்கரில் சொன்னால், டீனா ஆபீஸிலிருந்து "டாடி, மோட்டார்" என்பாள். இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருக்கும் ஓஸ்வால்ட் சார் எழுந்து போய் நிறுத்துவார்.

அந்த ரோஷத்தில்தான் அவர் மார்க்கெட் பக்கம் போய், சோடா கம்பெனிகளுக்குச் சரக்கு போடும் கடையில் ஒரு டப்பா இனிப்புத் தூள் வாங்கிவந்தார். சர்க்கரையைவிட அறுநூறு மடங்கு, ஊசி முனையில் எடுத்தால் ஒரு டம்ளருக்குப் போதும் என்றான் கடைக்காரன். முப்பது வருஷம் பள்ளியில் விகிதமும் விகிதாசாரமும் நடத்தியவர் ஓஸ்வால்ட் சார். ஆனாலும் அறுநூறு மடங்கு என்பதை வியாபாரிகளின் வழக்கமான அளப்பு என்று எடுத்துக்கொண்டு, சர்க்கரை போடுகிற மாதிரியே காபியில் கும்பாரமாக இரண்டு ஸ்பூன் போட்டுக் கலக்கி, மனைவி பார்க்கும்படி குடித்தார். இரண்டு நாள் உலகத்தில் வேறு ருசியே இல்லை. மூன்றாம் நாள் நாக்கு சரியாயிற்று. அதை விட்டு இறங்கிய இனிப்பு கைக்குப் போயிருந்தது.

ஊர் இதை நல்லபடியாகவே எடுத்துக்கொண்டது. பஸ் ஸ்டாப் டீக்கடைக் கோவிந்தப்பா, "சார், ஒந்து நிமிஷா. அந்த வெரல ஒரு தபா முக்கிட்டுப் போங்க" என்று தினமும் கெட்டிலை நீட்டினார். ஜீவனஹள்ளியிலிருந்தெல்லாம் சர்க்கரை வியாதிக்காரர்கள் சொந்த டம்ளரோடு வந்து நின்றார்கள். ஃபாதர் யூஜின், சர்ச் வாசலில் எல்லாரும் விரல் தொட்டுச் சிலுவை போடும் தீர்த்தத் தொட்டியில் பிள்ளைகள் வாய் வைப்பதைப் பார்த்துவிட்டு, "நீங்க எல்லாருக்கும் கடைசியா கை வைங்க சார்" என்று கேட்டுக்கொண்டார். எறும்புகள்தான் ஏமாறவில்லை. ஒரு கட்டெறும்பு அவர் கட்டைவிரல்வரை வந்து, நின்று, யோசித்து, திரும்பிப் போயிற்று. அது அவரை மிகவும் புண்படுத்தியது.

கஷ்டம் சாப்பாட்டில் வந்தது. கையால் பிசைந்தால் ரசம் பாயசமாயிற்று. ஸ்பூனால் எடுத்தால் இனிப்பு காம்பு வழியாக ஏறிக் குழிக்குப் போய்ச் சேர்ந்தது. ரப்பர் கையுறை இரண்டாவது வாய்வரை தாங்கியது. ஞாயிற்றுக்கிழமை போர்க் வறுவலுக்காக வாரம் முழுவதும் உயிர் வாழ்கிற மனிதர் அவர். மிளகும் பச்சை மிளகாயும் வினிகருமாக டோரீன் வறுத்தால் சந்துமுனைவரை தும்முவார்கள். அது அவர் வாய்க்குள் ஜிலேபியாகப் போயிற்று. ஒரு நாள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தட்டில் நேராக முகத்தை வைத்துச் சாப்பிட்டுப் பார்த்தார். டோரீன் தண்ணீர் செம்போடு வந்தவள், பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் அடுப்படிக்குத் திரும்பினாள். அத்தோடு அந்த வழியையும் விட்டுவிட்டார்.

மழைக்காலம் முடிவதற்குள் அவர் சட்டைக்குள் இன்னொரு ஆள் நுழையலாம் போல ஆகிவிட்டது. டாக்டர் சங்கமித்ரா ரிப்போர்ட்டைப் பார்த்து, "ஷுகர் நார்மல், அங்கிள். ஆனா ஆளே பாதியாயிட்டீங்க. இப்படியே போனா அட்மிட் பண்ணி டியூப்லதான் சாப்பாடு குடுக்கணும்" என்றாள். கூட வந்திருந்த டோரீன் ரிப்போர்ட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். வீடு வரும்வரை ஆட்டோவின் வெளிப்பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த ஞாயிறு வறுவல் மேஜைக்கு வந்தது. டோரீன் டீனாவுக்குப் போன் போட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். டீனா சினிமாவில் இருந்திருக்கலாம், தூங்கியும் இருக்கலாம். போனைக் காதில் வைத்தபடியே டோரீன் சுவரைப் பார்த்து, "சாப்பிட வரச் சொல்லு" என்றாள்.

"யார்கிட்ட சொல்ற? அவதான் எடுக்கலியே" என்றார் ஓஸ்வால்ட் சார். டோரீன் போனை இறக்கவில்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டார்.

"ஜெயில்னு சொன்னது தப்புதான். ஒரு வாய் குடு டோரீன். என் கையால சாப்பிட ஆகல."

டோரீன் தட்டை இழுத்து, சோற்றில் வறுவலைப் போட்டுப் பிசைந்தாள். முப்பத்துச் சொச்சம் வருஷத்தில் கல்யாணக் கேக்கைத் தவிர எதையும் அவள் அவருக்கு ஊட்டியதில்லை. கோபத்தில் உருட்டிய கவளம் ஒரு எருமைக்குக் காணும்.

"பெரிசா இருக்கு."

"வாயில போட்டுக்கிட்டுப் பேசுங்க. அக்காகிட்டப் பேசறப்ப பெரிசாத்தான தொறந்தீங்க."

திறந்தார். மிளகு மிளகாகவே இருந்தது. மிளகாய் தொண்டையில் பிடித்தது, மூக்கு ஒழுகியது, கண்ணிலிருந்து தாரையாகத் தண்ணீர் வந்தது. டோரீன் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு, "சரி சரி, விடுங்க" என்று முந்தானையால் துடைத்துவிட்டாள். அவர் திருத்தவில்லை. அடுத்த கவளம் அளவாக வந்தது.

இனிப்பு போகவில்லை. போகும் என்று இப்போது யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. காலையில் கோவிந்தப்பா கடையில் விரலை முக்கிவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்கு ஓஸ்வால்ட் சார் வீடு திரும்புகிறார். டோரீன் ஊட்டுகிறாள். ஊட்டும்போது கேஸ் விலை, அக்கா மருமகளின் போக்கு, அவர் சட்டையில் போன பட்டன் என்று எல்லாவற்றையும் நேராகவே சொல்லித் தீர்க்கிறாள். வாய் நிறைந்திருப்பதால் அவர் மறுத்துப் பேசுவதில்லை. போன மாதம் ஒரு கல்யாண ரிசப்ஷனில் வெளியூர் கேட்டரிங் பையன் அவர் முன்னால் ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தான். அந்த மேஜையிலிருந்த யாரோ பேச்சை நிறுத்தாமலே அதை எடுத்து அவன் கையில் திருப்பிக் கொடுத்து, பிரியாணியைப் பக்கத்திலிருக்கும் அந்தம்மா தட்டிலேயே கொஞ்சம் கூடுதலாக வைக்கச் சொன்னார்கள்.