அறுபத்தெட்டு விழுக்காடு

கருத்தரங்கின் முதல் அமர்வு பதினொன்றரைக்கு முடிந்தது. எரிசக்தி ஆய்வு, கொள்கை, அணுமின்சாரம் என்று பேனரில் எழுதியிருந்தது. பேராசிரியர் ஜெயப்பிரகாஷ் கடைசியாகத் திரையில் காட்டியது அவருடைய மாணவி ஃபரீனின் கணக்கெடுப்பு. கல்வராயன் மலையில் இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள். உங்கள் பக்கம் சிறிய அணு உலை ஒன்று வந்தால் சம்மதமா என்பது கேள்வி. அப்படித் திட்டம் எதுவும் கிடையாது. மக்கள் மனம் தெரிய வேண்டும், அவ்வளவுதான். சம்மதம், அறுபத்தெட்டு விழுக்காடு. முன்வரிசையில், சென்னையிலிருந்து வந்திருந்த அதிகாரி எண்ணைக் குறித்துக்கொண்டார்.

தேநீர் இடைவேளையில் ஃபரீன் ஒரு கோப்பையை ராணியம்மாளிடம் கொண்டுபோனாள். மலையிலிருந்து அழைக்கப்பட்டவள் அவள் ஒருத்திதான். சேராப்பட்டுப் பக்கம் மகளிர் குழுத் தலைவி. கணக்கெடுப்பில் முதல் வீடு அவளுடையது.

"பரவால்லமா," என்றாள் ராணியம்மாள்.

ஃபரீன் கோப்பையை நீட்டியபடியே நின்றாள். ராணியம்மாள் மடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"வேணாமாக்கா?"

"அதான் பரவால்லன்னேனே."

கள்ளக்குறிச்சியில் ஃபரீனின் அத்தா ஷேக் மைதீனுக்குத் துணிக்கடை. சேலையை விரித்துக் காட்டினால் வாங்க வந்தவர்கள் பரவாயில்லை என்பார்கள். பிடித்துவிட்டது என்று பொருள்; உடனே மடித்துப் பையில் போட்டுவிட வேண்டும். அந்தச் சொல்லைக் கேட்டே வளர்ந்தவள். மலையிலும் வாசலுக்கு வாசல் அதே சொல் வந்தது. படிவத்தில் மூன்று கட்டங்கள்: சம்மதம், சம்மதமில்லை, தெரியாது. பரவாயில்லை என்றவர்களுக்கெல்லாம் முதல் கட்டத்தில் டிக் போட்டாள். சொன்ன சொல்லை எங்கும் எழுதி வைக்கவில்லை.

அன்றைக்கு உலையைப் பற்றிக் கேட்டபோதும் இதைத்தானே சொன்னீர்கள் என்று கேட்டாள்.

"பின்ன? படிச்ச பொண்ணு மல ஏறி வந்து கேக்குது. மூஞ்சிக்கு நேரா வாணாம்னு சொல்றதா?"

"எல்லாருமா அப்படி?"

"மத்தவங்க மனசு எனக்கு இன்னா தெரியும்? எங்கூர்ல மரியாதயா பேசறவங்க அப்டித்தான் பேசுவாங்க."

பேராசிரியர் சமோசா தின்றபடியே ஃபரீன் சொன்னதைக் கேட்டார். வேண்டாம் என்று யாராவது வாயால் சொன்னார்களா என்றார். சொன்னவர்களைச் சம்மதமில்லையில் போட்டிருக்கிறேன் என்றாள். அப்புறமென்ன என்றார். அறிக்கை அச்சாகி எல்லோருடைய பையிலும் இருந்தது. ஆய்வேட்டில் ஓர் அடிக்குறிப்புப் போட்டுக்கொள்ளலாம் என்றார்.

மதியம் கேள்வி நேரத்தில் ஃபரீன் மைக்கை வாங்கினாள். அந்த எண் தவறு, தவறு என்னுடையது என்றாள். சரியான எண் என்ன என்று அதிகாரி கேட்டார். தெரியாது என்றாள். பிறகு தவறென்று எப்படித் தெரியும் என்றார். அவள் பின்வரிசையைக் காட்டினாள்.

"ராணியம்மாள் அக்கா வேணாம்னுதான் சொல்லியிருக்காங்க சார். நான்தான் தப்பாப் புரிஞ்சிக்கினேன்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதிகாரி பேனாவைத் திறந்து முழுப் பெயரும் ஊரும் கேட்டார். ராணியம்மாள் எழுந்து நின்று சொன்னாள். 'ஒருவர் எதிர்ப்பு' என்று அதிகாரி எழுதிக்கொண்டார். பேராசிரியர் மாணவியின் நேர்மையைப் பாராட்டினார். ஒரு வீட்டால் விழுக்காடு மாறாது என்றார். கைதட்டினார்கள்.

ஃபரீன் மேடைப் பக்கம் போய்த் திரும்புவதற்குள் ராணியம்மாளின் நாற்காலி காலியாகிவிட்டது. பேருந்து நிலையத்தில்தான் பிடிக்க முடிந்தது. வெள்ளிமலை பஸ் புறப்பட நின்றிருந்தது.

"எம்பேர ஏம்மா சொன்ன?" என்றாள் ராணியம்மாள். "எம் மவனோட பட்டா மனு ஆபீசுல கெடக்குது. எத்தினி வருசமா நடக்கறோம். இப்ப அவங்க நோட்டுல நான் எதிர்க்கறவ."

ஃபரீனுக்குச் சொல்ல ஒன்றுதான் இருந்தது. அடுத்த வாரமே மலைக்கு வருகிறேன், ஒவ்வொரு வீட்டிலும் மறுபடி கேட்கிறேன், அவர்கள் சொல்வதை அப்படியே எழுதுகிறேன் என்றாள். கூட வருவீர்களா என்றாள்.

ராணியம்மாள் படியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"வாணாம்," என்றாள். "நீ வந்தா இனிமே யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க."