புழு வைத்த கால்

கொசுவுக்கும் ஈக்கும் தெருத்தெருவாகப் புகை போட்டுக்கொண்டிருந்த சிக்குன்குனியா வருஷத்தில், ஈ வளர்ப்பவளை யார் மதிப்பார்கள்? உத்தமபாளையத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்திய ஷர்மினுக்கு ‘ஈ டீச்சர்’ என்றே பெயர். கூண்டில் பச்சை ஈ வளர்த்து, முட்டையைக் கழுவிக் கிருமி நீக்கி வைப்பாள். அதில் பொரிக்கும் புழு ஆறாத புண்ணின் அழுகலை மட்டும் தின்னும், நல்ல சதையைத் தொடாது என்று அவள் பேசாத கூட்டமில்லை. கேட்ட டாக்டர்கள் எல்லாம் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். டாக்டர் நாகராஜ் ஒருவர்தான், அதுவும் வேறு வழியில்லாமல், சரி என்றார்.

வழியில்லாமல் போனது கர்ணனின் காலுக்கு. கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் டிரைவர் அவன். சர்க்கரை வியாதிக்காரன். செருப்புக் கடித்த புண் இடது பாதம் முழுக்க அழுகிக் கிடந்தது. “புழுவை வச்சுப் பாருங்க. வியாழக்கிழமை காலையில கட்டைப் பிரிப்பேன். அழுகல் நிக்கலைன்னா முழங்காலுக்குக் கீழ எடுத்துருவேன்,” என்று சொல்லிவிட்டார் நாகராஜ். கிளட்ச் மிதிக்கிற கால் போனால் டிரைவருக்கு என்ன பிழைப்பு?

கர்ணன் புழுவுக்குச் சம்மதித்தான். அவன் பெண்டாட்டி பவுனுதான் முடியவே முடியாது என்றாள். ஷர்மினை வார்டுக்கு வெளியே இழுத்துப்போய் அழுதாள்.

“எனக்குக் கருநாக்கு டீச்சரம்மா. போன ஆடியில குடிச்சிட்டு வந்தாகன்னு மண்ணை வாரித் தூத்திட்டேன். கால் புழுத்துத்தான் போவன்னு சொல்லிப்புட்டேன். சொன்ன வாய் அழுகிப்போக! இப்ப நானே புழு வைக்கச் சொல்லுவனா?”

ஷர்மின் தனக்குத் தெரிந்த அறிவியலையெல்லாம் சொல்லிப் பார்த்தாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். நேரம் போகப்போகப் பதற்றம் ஏறி, வாய்க்கு வந்ததைச் சொன்னாள்: “சரி, சாபம்னே வச்சுக்கோ. நம்ம கண்ணு முன்னாடியே பலிச்சு முடியட்டும். பலிச்ச சாபம் மறுபடி பலிக்காதுல்ல?”

பவுனு அழுகையை நிறுத்தினாள். உள்ளே போய்ச் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள்.

அப்போதுதான் ஷர்மினுக்குத் தான் சொன்னது உறைத்தது. என்ன காரியம் செய்தோம்? புழு தோற்றால் கால் மட்டுமா போகும்? என் நாக்குத்தான் புருஷன் காலை வெட்டியது என்று இவள் சாகும்வரை நம்புவாளே! அந்தத் திங்கட்கிழமை மாலையே புழுவை வைத்துக் கட்டுப் போட்டாள்.

புதன்கிழமை மதியம் வார்டுக்குள் நுழைந்ததுமே அந்துருண்டை வாடை மூக்கில் ஏறியது. கட்டிலை நோக்கி ஓடினாள். மாட்டுப் புண்ணில் புழு விழுந்தால் அதைக் கொல்ல அந்துருண்டையைப் பொடித்துப் போடுவது அந்தப் பக்கத்து வழக்கம். கட்டிலருகே கர்ணனின் அண்ணன் ராக்கையா காகிதப் பொட்டலத்தோடு நின்று கத்திக்கொண்டிருந்தார்.

“மாட்டுக்குப் பாக்குற வைத்தியத்தைக்கூட என் தம்பிக்குப் பாக்க விடமாட்டீகளா?”

பவுனு கட்டுப் போட்ட காலின்மேல் கவிழ்ந்து கிடந்தாள். தலையெல்லாம், முதுகெல்லாம் வெள்ளைப் பொடி. புருஷனின் அண்ணன் முன்னால் உட்காரக்கூட மாட்டாத பொம்பளை அவள்.

“கட்டு மேல ஒரு பொட்டு விழல டீச்சரம்மா,” என்றாள் நிமிராமல். “மூத்த மச்சானைப் போகச் சொல்லுங்க. இங்கனயே அது பலிச்சு முடியணும்.”

ஷர்மின் ராக்கையாவை வெளியே அனுப்பி, விரிப்பை மாற்றினாள். வாடைக்கே புழு செத்திருக்குமோ என்ற நினைப்பு விடவில்லை. கட்டைப் பிரித்துப் பார்க்கவும் பயம்.

மறுநாள் காலை நாகராஜ் கட்டைப் பிரித்தார். புழுக்கள் கொழுத்து நெளிந்தன. அவற்றைக் கழுவி எடுத்ததும், சீழும் கருப்புமாக இருந்த இடத்தில் சிவப்புச் சதை தெரிந்தது.

“அடேயப்பா!” என்றார் நாகராஜ். “ரெண்டு விரல் தேறாது. ஆனா கால் நிக்கும். டீச்சர், அடுத்த புழு எப்பத் தருவீங்க?”

ஷர்மினுக்குக் கண் நிறைந்துவிட்டது. கர்ணனுக்கோ கொண்டாட்டம். “அப்ப இன்னைக்கு ஒரு குவார்ட்டருக்கு வழி உண்டா டாக்டரே?”

“அடப்பாவி, நீ நாசமா—” என்று வாயெடுத்த பவுனு, படாரென்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் மிரண்டுபோயிற்று. வார்டே சிரித்தது.

ஷர்மின் சிரிக்கவில்லை. அவள் பக்கத்தில் போய், “சாபமும் இல்ல, ஒண்ணும் இல்ல பவுனு. அது வெறும் மருந்து. நான்தான் ஏதோ சொல்லிட்டேன். நீ திட்டு, நல்லாத் திட்டு,” என்றாள்.

பவுனு பொத்திய கையை எடுக்காமலே, மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.