மூன்றாம் பல்லில் நின்ற ஹேண்ட் பிரேக்

பிரேக் டிரம் அசைய மறுத்தது. மர்பி டவுனின் குறுகிய சந்தில், ஞாயிறு பூசை முடிந்து வந்த கையோடு, ஜெயவேலு தம் ஆம்னி வேனின் பின்சக்கரத்தைக் கழற்றியிருந்தார். முன்சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, பின்புறத்தை ஜாக்கியால் தூக்கி, அடியில் மரக்கட்டைகளை அடுக்கி, ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்திய பிறகும் அது வரவில்லை. டிரம்மின் முகத்திலிருந்த இரண்டு துளைகளிலும் போல்ட்டுகளைச் செருகி மாறி மாறி முறுக்கியபோதுதான், வேண்டாவெறுப்பாக இடம்விடும் பயணியைப்போல் மெல்லக் கழன்றது.

உள்ளே ஒரே கரித்தூசி. ஈரத்துணியால் துடைத்தார். பிரேக் ஷூவின்மேல், டிரம்மை அழுத்தி வண்டியை நிறுத்த வேண்டிய லைனிங் முற்றிலும் தேய்ந்து, ரிவெட்டின் தலைகள் பளபளத்தன.

தங்கவயலில் அவர் வேலை பார்த்த சுரங்கத்தை மூடிய ஆண்டில், கைக்கு வந்த பணத்தைக் கொண்டு வாங்கிய பழைய வேன் அது. அதில் எட்டுப் பிள்ளைகள் பள்ளிக்குப் போய்வந்தார்கள். அதனால் வீட்டில் உலை கொதித்தது. மறுநாள் எஃப்.சி. எனும் வண்டித் தகுதிச் சான்றிதழைப் புதுப்பிக்கும் கெடு. புதிய சான்றிதழைக் காட்டாவிட்டால் வேறு வண்டி ஏற்பாடு செய்துகொள்வதாகப் பள்ளியில் சொல்லிவிட்டார்கள். உதிரிபாகக் கடைகளோ அன்று பூட்டிக் கிடந்தன.

அந்த நேரம் பார்த்து, போக்குவரத்து அலுவலகப் புரோக்கர் முனிராஜ் வந்து நின்றான்.

"என்னாண்ணா, வண்டிக்கு ஆபரேஷனா? பொழைக்குமா, பொழைக்காதா?"

"ஷூ சுத்தமா போயிடுச்சு முனிராஜ். நாளைக்கு இன்ஸ்பெக்டரு ஓட்டிப் பாத்து பிரேக் போட்டா மாட்டிக்குவேன்."

"யாரு ஓட்டிப் பாக்கறா? ஹேண்ட் பிரேக்க ஒரு தடவ தூக்குவாரு, அவ்ளோதான், முகிஞ்சது. கேபிள டைட் பண்ணி மூணு பல்லுல நிக்க வெய்யி. கவரு ஒண்ணு ரெடி பண்ணிக் குடு, மிச்சத்த நான் பாத்துக்கறேன். சும்னே டென்ஷன் ஆவாதண்ணா."

'பாத்துக்கறேன்' என்னும் சொல்லுக்கு அந்த அலுவலக வாசலில் ஒரே பொருள்தான்: பார்க்க வேண்டியவர் பார்க்காதபடி செய்கிறேன்.

ஜெயவேலு முறை அறியாதவரல்லர். முதலில் ஷூவை மாற்றி, அதை டிரம்மை ஒட்டி நெருக்கி வைக்க வேண்டும். அதன்பிறகும் தொய்வு எஞ்சினால்தான் கேபிளில் கை வைக்க வேண்டும். அறிந்தே டிரம்மை மூடினார். உள்ளே ஏறி, லீவரின் அடியிலிருந்த நட்டைக் கடைசிவரை முறுக்கினார். தூக்கும்போது 'டிக் டிக்'கென்று பத்துப் பல் தாண்டியும் பிடிக்காத லீவர், இப்போது மூன்றாம் பல்லிலேயே விறைத்து நின்றது.

அவர் மனைவி ஜோசஃபின் வாசற்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பொம்மசந்திராவில் ஓர் ஆலையில், பழுதான உருப்படிகளைப் பொறுக்கி ஒதுக்குவது அவள் வேலை.

"ஷூ தேஞ்சிருக்குன்னு நீங்கதான சொன்னீங்க? கேபிள இழுத்தா ஷூ வளந்துடுமா?"

"பேப்பர் கைக்கு வரட்டும் ஜோசஃபின். அடுத்த ஞாயித்துக்கெழம புதுசு போட்டுடறேன்."

"பேப்பரு வந்துட்டா போட மாட்டீங்க."

மறுநாள் கவர் கைமாறியது. பேப்பர் வந்தது. முதல் ஞாயிறு உறவில் ஒரு திருமணம். இரண்டாம் ஞாயிறு மழை. மூன்றாம் ஞாயிற்றுக்குக் காரணமே தேவைப்படவில்லை.

அதற்கு மறுநாள் காலை, விவேக் நகரின் ஏற்றமான தெரு ஒன்றில் வேனை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைத் தூக்கிவிட்டு, எட்டாவது பிள்ளையின் பையை வாங்க இறங்கினார். 'டக்'கென்று ஓர் ஒலி. மூன்று வாரமாக அளவுக்குமேல் இழுபட்டிருந்த கேபிள் அறுந்துபோயிற்று. ஏழு பிள்ளைகளோடு வேன் பின்னோக்கி உருளத் தொடங்கியது. ஜெயவேலு ஓடிக் கதவைப் பற்றினார். அது அவரையும் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனது. "அங்கிள்! அங்கிள்!" என்ற கூக்குரல் ஒரு மதிற்சுவரில் மோதி நின்றது. கடைசி இருக்கையில் இருந்த சங்கமித்ராவின் வலக்கை முறிந்துவிட்டது. மற்றவர்களுக்குச் சிராய்ப்புகள்.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் ஏட்டு கோவிந்தப்பா வண்டியின் தாள்களைப் புரட்டினார்.

"எஃப்.சி. மூணு வாரம் முந்திதான் ஆகிருக்கு. எல்லாம் கரெக்டா இருக்கு. கேபிள் கட் ஆனா நீ என்னா மாட்றது, என்னா செய்யறது? உன் தப்பில்லன்னு எழுதிட்றேன், கையெழுத்துப் போடு."

சங்கமித்ராவின் தாய் வீணா, அழுது வீங்கிய முகத்துடன் அருகில் வந்தாள். ஜெயவேலுவின் முழங்கையில் வழிந்த இரத்தத்தைப் பார்த்தாள்.

"நீங்களும் கட்டுப் போட்டுக்கங்கண்ணா. தெருவே சொல்லுது, வண்டியப் புடிச்சுக்கிட்டு கூடவே இழுபட்டீங்கன்னு. உங்க மேல என்னா தப்பு?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். கோவிந்தப்பா நீட்டிய பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

"சார், அந்தப் பேப்பர் பொய்யி. பிரேக்குல லைனிங்கே இல்ல. எனக்குத் தெரியும். லஞ்சம் குடுத்துதான் வாங்கனேன்."

கோவிந்தப்பா குரலைத் தாழ்த்தினார். "யோசிச்சுப் பேசப்பா. இத எழுதினா லைசென்ஸ் போகும், வண்டி போகும். ஜெயிலுக்கும் போவ."

"எழுதுங்க சார். எனக்குக் குடுத்த மாதிரி இன்னும் எத்தினி வண்டிக்குக் குடுத்திருக்காங்களோ! அதுலயும் புள்ளைங்கதான போவுதுங்க. யாரு வாங்கிக் குடுத்தான், யாரு கையெழுத்துப் போட்டான், எல்லாத்தையும் சொல்றேன்."

வீணா இரண்டடி பின்வாங்கினாள். அவள் கத்தவில்லை.

"குடுத்த உங்களுக்கு வேல முடிஞ்சிடுச்சு. வாங்குனவனுக்குப் பை நெறஞ்சிடுச்சு. ரெண்டு பேருக்கும் வலிக்கல. லஞ்சம்னா குடுக்கறவனும் வாங்கறவனும் மட்டும்தான்னு நெனச்சீங்களாண்ணா? மூணாவதா ஒருத்தங்க எப்பவும் இருக்காங்க. இன்னிக்கு அது எம் பொண்ணு."

உள்ளேயிருந்து குழந்தை அழைத்தது. அவள் போய்விட்டாள். கோவிந்தப்பா எழுதிய தாளைக் கிழித்துவிட்டு, புதிய தாளில் முதலிலிருந்து எழுதத் தொடங்கினார்.