இருபத்திரண்டு காலி இருக்கைகள்

விடியற்காலை நாலரை மணி. பேருந்தின் முன்மூடியைத் தூக்கியபோது இரும்பின் குளிர் கையுறையைத் தாண்டிக் கடித்தது. எண்ணெய்க் கம்பியை உருவித் துடைத்துப் பார்த்தேன். சக்கரத் திருகுகளைச் சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டினேன். இறுகியிருந்தால் கணீரென்று சொல்லும், தளர்ந்திருந்தால் சொத்தென்று சொல்லும். பிரேக்குக்குக் காற்று ஏறட்டுமென்று இன்ஜினை ஓடவிட்டு, பனியில் மண்டியிட்டு அடிப்பக்கம் டார்ச் அடித்தேன்.

முன்பு இதில் பாதி வேலையை மெக்கானிக்குகள் செய்வார்கள். மூன்று பேர் இருந்த கொட்டகையில் இப்போது ஆர்லோ ஒருவர்தான்.

"கண்ணாடி துடைக்கிற ரப்பர் கிழிஞ்சிருக்கு ரூத். புதுசு கேட்டு எழுதிப் போட்டு மூணு வாரமாச்சு."

"என்ன சொன்னாங்க?"

"நல்ல மழை பேஞ்சா தானா கழுவிக்கும்னாங்க."

வெட்சல் ஊரில் பத்தொன்பது வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். எங்கள் பள்ளிகள் நடப்பது வீட்டுவரியில். அந்த வரியைக் கொஞ்சம் கூட்டலாமா என்று நவம்பரில் ஊர் ஓட்டுப் போட்டது. அறுபத்தொரு ஓட்டு வித்தியாசத்தில் 'வேண்டாம்' ஜெயித்தது. முதலில் பாட்டு வாத்தியார் போனார். நாலு பள்ளிக்கு ஒரே நர்ஸ் என்றானது. ஜனவரி முதல் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பேருந்து கிடையாது.

என் வண்டியில் இருபத்திரண்டு இருக்கை காலி. அதே சாலையில், நடைபாதை இல்லாத நெடுஞ்சாலையின் ஓரத்தில், அந்த இருக்கைகளுக்கு உரியவர்கள் இருட்டில் நடந்துபோவார்கள். ஏற்றக்கூடாது என்பது உத்தரவு. ஆலங்கட்டி மழையில் இரண்டு பிள்ளைகளை ஏற்றிய வேலனை ஒரு வாரம் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். வேலன் எங்களில் இளையவன். பெயர் வேலன் டீட்ஸ். பிறகு யாரும் நிறுத்தவில்லை.

பிப்ரவரியில் ஒருநாள். உறைமழை பெய்து சாலை கண்ணாடியாகிக் கிடந்தது. தானியக் கிடங்கைத் தாண்டியதும் டெசா நடந்துபோவதைப் பார்த்தேன். பதினாலு வயது. ஐந்து வயதிலிருந்து என் வண்டியில் வந்தவள், ஏறும்போதெல்லாம் என் மடியிலிருக்கும் பொட்டலத்தைப் பார்த்து, "இன்னைக்கும் முட்டைதானா?" என்று கேட்பவள். கையைத் தூக்கினாள். என் கால் வேகமிதியிலிருந்து தானாக எழுந்தது. வண்டி மெதுவானது. வேலனின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. மறுபடி மிதித்தேன்.

சின்னப் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிக்கொண்டிருக்கும்போதே வயர்லெஸ் சொன்னது: நெடுஞ்சாலை மூடப்பட்டிருக்கிறது, சுற்றிப் போங்கள். திரும்பி வருகையில் தடுப்புக்கு அப்பால் பார்த்தேன். ஊரின் பெரிய முதலாளி கிராண்டலின் கிடங்கு லாரி பள்ளத்தில் குறுக்கே நின்றது. அதன் ஓட்டுநர் சாலையோரத்தில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரியில் டெசாவின் அம்மா லொரீன், தான் வேலைசெய்யும் கிராண்டல் கிடங்கின் பச்சைச் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"இடுப்பு ரெண்டு எடத்துல ஒடஞ்சிருக்கு. கால்ல இரும்பு வச்சிருக்காங்க. நடப்பாளாம். எப்படி நடப்பான்னு மட்டும் சொல்ல மாட்டேங்குறாங்க."

"லொரீன், அவ கையத் தூக்கினா. நான் நிறுத்தல."

"தெரியும். அவளே சொன்னா. 'ரூத் மெதுவாக்கினா, அப்புறம் போயிட்டா'ன்னு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"இன்னொண்ணும் சொல்லணும்," என்றேன். "நவம்பர்ல நான் வேண்டாம்னுதான் போட்டேன்."

டயர் ஆலை மூடியபோது என் கணவரின் பென்ஷன் பாதியானது. வீட்டுவரி இரண்டுமுறை ஏறியிருந்தது. 'இனி வரி வேண்டாம்' என்ற பலகையைக் கிராண்டலின் ஆட்கள் இலவசமாகக் கொண்டுவந்தார்கள். என் வீட்டு முற்றத்தில் என் கையால் நட்டேன்.

லொரீன் சிரித்தாள். அப்படியொரு சிரிப்பை யாரும் கேட்க வேண்டாம்.

"நானும்தான் ரூத். வரி ஏறினா வாடகைய ஏத்துவேன்னு வீட்டுக்காரன் சொன்னான். சாப்பாட்டு நேரத்துல கிராண்டல் எல்லாருக்கும் பீட்சா வாங்கிக் குடுத்துப் பேசினாரு. ரெண்டு துண்டு தின்னேன். ரெண்டு துண்டு பீட்சாவுக்கு எம் பொண்ணு கால வித்திருக்கேன்."

எங்கள் ஊரிலேயே பெரிய கட்டடம் கிராண்டலின் கிடங்குதான். உள்ளே இருப்பது நாய்த்தீனி. வேலை கொடுக்கிறார் என்பதற்காகப் பதினைந்து வருடத்துக்கு அந்தக் கட்டடத்துக்கு வரி தள்ளுபடி. என் இரண்டறை வீட்டுக்குத் தள்ளுபடி இல்லை.

மார்ச்சில் பள்ளி வாரியம் உடற்பயிற்சிக் கூடத்தில் கூடியது. பேருந்துகளை ஒரு தனியார் கம்பெனிக்குக் கொடுத்துவிடலாம் என்பது தீர்மானம். அதே வண்டி, அதே சாலை, அதே ஓட்டுநர். சம்பளத்தில் கால்வாசி குறையும், பென்ஷன் இருக்காது. பேச விரும்புகிறவர்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிடம்.

கிராண்டல் எழுந்தார். சாம்பல் கோட்டு, மென்மையான குரல்.

"அந்தக் குழந்தைக்காக நானும் என் மனைவியும் ஜெபிக்கிறோம். ஆனா மக்கள் தெளிவா தீர்ப்பு சொல்லிட்டாங்க."

நான் மைக்கைப் பிடித்தேன். "அந்த மக்கள்ல நானும் ஒருத்தி. உங்க பலகைய என் வாசல்ல நட்டவ. இப்ப ஒண்ணு கேக்குறேன். உங்க கட்டடத்துக்கு இந்தப் பள்ளிக்கூடத்துக்குன்னு எவ்வளவு குடுக்குறீங்க?"

"நான் முந்நூறு பேருக்கு வேலை குடுக்குறேன்மா."

"அந்த முந்நூறு பேரோட புள்ளைங்க நடக்குற ரோட்டுலதான் உங்க லாரி ஓடுது. குடுக்குறது எவ்வளவுன்னுதான் கேட்டேன்."

"வரி கிரின்னு பேசினா நான் வேற ஊரு பாத்துக்கிட்டுப் போக வேண்டியதுதான்."

பின்வரிசையிலிருந்து ஆர்லோ கத்தினார்: "கட்டடத்தையும் சுருட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டா போவீங்க?"

கூடம் சிரித்தது. தலைவர் மேசையைத் தட்டினார். "உங்க நேரம் முடிஞ்சுது, ரூத்."

"என் மூணு நிமிஷத்த அவளுக்குக் குடுக்குறேன்," என்று லொரீன் எழுந்தாள்.

"நேரத்த மாத்திக் குடுக்க விதியில்ல."

"சரி. அப்ப என் மூணு நிமிஷத்துக்கு நான் சும்மா நிக்கிறேன். பாத்துக்கிட்டு இருங்க."

நின்றாள். சுவர்க் கடிகாரத்தின் சிவப்பு எண்கள் இறங்கின. கிராண்டல் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று நிமிடம் அவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது.

அதன் பிறகு ஓட்டெடுத்தார்கள். மூன்றுக்கு இரண்டு. ஜூன் முதல் பேருந்துகள் கம்பெனிக்கு.

மறுநாள் மதியம் கொட்டகையில் கூடினோம். ஓட்டுநர்கள், உணவுக்கூடச் சமையற்காரிகள், நாலைந்து ஆசிரியர்கள். கம்பெனியின் விண்ணப்பத் தாள் எல்லோர் கையிலும் இருந்தது. மே மாதம் வரிக்கு மறுபடி ஓட்டெடுப்பு.

"நம்ம தலையில நாமளே வரியப் போட்டுக்கணுமா?" என்று சமையற்காரி வில்மா சீறினாள். "முதல்ல கிராண்டலோட தள்ளுபடிய ரத்து பண்ணட்டும், அப்புறம் நான் சரின்னு போடுறேன்."

"அதுவரைக்கும் புள்ளைங்க நடக்கட்டுமா?" என்றேன். "ஒரு தடவ அப்படித்தான் நினைச்சேன். முதல்ல அவன் குடுக்கட்டும்னு. அவன் குடுக்கல. டெசா குடுத்தா."

வில்மா என்னை முறைத்தாள். நெடுநேரம் வாதம் நடந்தது. கத்தினார்கள், ஒருவர் எழுந்தே போய்விட்டார். கடைசியில் இரண்டையும் செய்வதென்று முடிவானது: மே மாதம் சரி என்று போடுவது, வீடுவீடாகப் போய்க் கேட்பது, கிராண்டலின் தள்ளுபடியை ரத்துசெய்யச் சொல்லி நகர மன்றத்துக்கு மனு. கம்பெனித் தாளில் ஒருவரும் கையெழுத்துப் போடுவதில்லை.

வேலன் மட்டும் அசையாமல் நின்றான். அவனுக்கு இரட்டைக் குழந்தைகள்; எட்டு மாதம்.

"நான் போடலேன்னா வேறவன் போடுவான்," என்றான்.

"நாம முப்பத்தொரு பேரும் போடலேன்னா?" என்று ஆர்லோ கேட்டார்.

அவன் தாளை நாலாக மடித்து ஆர்லோவின் சட்டைப் பையில் திணித்தான். "நீங்களே வச்சுக்குங்க. எங்கிட்ட இருந்தா வீட்டுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுருவேன்."

வெள்ளிக்கிழமை விடியலில் மனுவோடு கிடங்கின் வாசலில் நின்றோம். காவலாளி ஓடிவந்தான்.

"இது கம்பெனி எடம். இங்க கையெழுத்து வாங்கக் கூடாது."

"எது கம்பெனி எடம் இல்ல?"

அவன் தரையில் போட்டிருந்த வெள்ளைக் கோட்டைக் காட்டினான். கோட்டுக்கு அப்பால் நெடுஞ்சாலையின் ஓரம். அங்கே நகர்ந்தோம். லாரிகள் எங்கள் மேல் உப்புச் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு போயின.

ஐந்து மணிக்கு இரவு வேலையாட்கள் வெளியே வந்தார்கள். எங்களைப் பார்த்தார்கள், மேலே கண்காணிப்பாளர் அறை ஜன்னலில் விளக்கு எரிவதையும் பார்த்தார்கள். குனிந்தபடி கார்களை நோக்கி நடந்தார்கள். பத்து பேர் போனார்கள், இருபது பேர். என் கையில் மனுவைச் செருகியிருந்த அட்டையில் ஒரு பெயர்கூட இல்லை.

அந்தக் கூட்டத்திலிருந்து லொரீன் பிரிந்து வந்தாள். வெள்ளைக் கோட்டைத் தாண்டினாள். பேனா குளிரில் எழுதவில்லை; வாயில் வைத்துச் சூடாக்கிக் கையெழுத்துப் போட்டாள். திரும்பி, போகிறவர்களைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்:

"ஏய் டேரல்! உன் மகனும் இந்த வழியாத்தான நடக்குறான்? ஜன்னல என்ன பாக்குற? இங்க பாரு!"

காரின் கதவைத் திறந்திருந்த ஒரு தாடிக்காரன் நின்றான். கொஞ்ச நேரம் நின்றான். கதவைச் சாத்திவிட்டு வந்தான். அவன் பின்னால் இரண்டு பெண்கள் வந்தார்கள்.

எனக்கு நேரமாகிவிட்டது, வண்டியைக் கிளப்ப வேண்டும்.

"நீ தூங்கல," என்றேன் லொரீனிடம்.

"ஆஸ்பத்திரியில ஒம்போது மணிக்குத்தான் உள்ள விடுவாங்க. அதுவரைக்கும் எனக்கென்ன வேலை? அட்டையக் குடுத்துட்டுப் போ."

கொடுத்தேன். சாலையைக் கடக்கும்போது திரும்பிப் பார்த்தேன். மேலே ஜன்னலில் யாரோ வந்து நின்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். கீழே, கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தவர்கள், ஒன்பது பேர்.